இரவுக்குப் பழமா, சப்பாத்தியா, சாறா, கூட்டா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் அக்காவுக்கு வயது 49. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு வந்துவிட்டது, நான்கைந்து கிலோ குறைத்தால் நல்லது என்று மருத்துவர் சொன்ன நாள் முதல் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. இரவில் பழம் மட்டும் போதும் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்திக்கு மாறச் சொல்கிறார் மாமா. எதிர்வீட்டு அம்மாள் வாழைத்தண்டுச் சாற்றைத் தவிர வேறெதையும் ஒப்புக்கொள்வதில்லை. இவை போதாதென்று வாட்ஸ்அப்பில் ஏழு நாள் திட்டம் ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. "நீதான் உப்பைக்கூட நிறுத்துப் பார்க்கறவனாச்சே, இதுல எதுடா சரி?" என்று அக்கா தொலைபேசியில் கேட்டதற்கு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் சமையலறைத் தராசை வைத்துக்கொண்டு நான் தேடிய விடைதான் இது.

எடையைக் கிலோவில் எடுத்து, அதை மீட்டரில் எடுத்த உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் உடல் நிறைக் குறியீட்டெண் அக்காவுக்கு 27. நம் உடல்வாகில் கொழுப்பு வயிற்றைச் சுற்றியே சேர்வதால், இந்தியர்களுக்கு இந்த எண் 23ஐத் தொட்டாலே எடை கூடுதல் என்றும், 25ஐத் தொட்டால் உடல் பருமன் என்றும் இந்திய மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவில் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் எல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினரும், புதுச்சேரியில் ஏறக்குறைய 46 விழுக்காட்டினரும் 25ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். ஆகவே அக்காவின் கேள்வி அவர் தெருவில் பாதி வீடுகளின் கேள்வியும்தான்.

ஒப்பிடுவதற்கு முன்னால் இப்போது அவர் இரவில் என்ன சாப்பிடுகிறார் என்று தெரிய வேண்டும். ஒரு வாரம் தட்டில் வைப்பதை எழுதி வைக்கச் சொன்னேன். பெரும்பாலான நாட்களில் இரண்டு குழிக்கரண்டி சோறு, அதாவது ஏறத்தாழ 300 கிராம்; குழம்பு; ஒரு கரண்டிப் பொரியல்; பொரித்த அப்பளம் இரண்டு. வடித்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி என்ற கணக்கில் சோறு மட்டும் 390. (நாம் பேச்சில் கலோரி என்பது கிலோகலோரியைத்தான், இங்கும் அப்படியே.) குழம்பு, பொரியல், அப்பளம் ஆகியவற்றையும் சேர்த்தால் 620 முதல் 640 வரை வருகிறது. மாற்று எதுவானாலும் இந்த 620ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதோடு, இரவு பத்தரை மணிக்கு அடுக்களை டப்பாவைத் திறக்க வைக்காத அளவுக்கு வயிற்றையும் நிறைக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

முதலில் மாமாவின் சப்பாத்தி. நம் ஊரில் "டயட்டில் இருக்கிறேன்" என்றால் "இரவு சப்பாத்தி" என்றே பொருள் ஆகிவிட்டது. அரிசியும் கோதுமை மாவும் 100 கிராமுக்கு 320 முதல் 360 கலோரி வரையில்தான் நிற்கின்றன. 300 கிராம் சோறு ஏறக்குறைய 100 கிராம் அரிசியிலிருந்து வருகிறது. மூன்று சப்பாத்திக்கும் அதே அளவு மாவு பிடிக்கிறது. மாவு கணக்கில் இரண்டும் சமம் என்றால், மிச்சம் எங்கே என்று பார்த்தால் எண்ணெயில். கல்லில் போட்டுப் புரட்டும்போது சப்பாத்திக்கு ஒரு தேக்கரண்டி விட்டால் தலைக்கு 40 கலோரி; மூன்றுக்கு 120. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கும் தேங்காய் விழுதும் சேர்ந்த குருமா இருந்தால் சோற்றையே சாப்பிட்டிருக்கலாம். முழுக் கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் வெள்ளரிசியைவிடக் கூடுதல் என்பது உண்மை; எண்ணெய் விடாமல் சுட்டு இரண்டோடு நிறுத்துபவருக்குச் சப்பாத்தி பயன் தரும். ஆனால் அந்தப் பயன் எண்ணிக்கையைக் குறைத்ததால் வருவது. மாவுச்சத்தைக் குறைப்பது மேலா, கொழுப்பைக் குறைப்பது மேலா என்ற பழைய சண்டைக்கு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, இரு தரப்பும் ஐந்து, ஆறு கிலோ குறைந்தார்கள், இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்றே விடை சொன்னது. சோற்றின் மேல் இத்தனை வருத்தம் தேவையில்லை.

மகள் சொல்லும் பழத்துக்கு வருகிறேன். இதில் விஷயம் அதிகம் இருக்கிறது. பழம் என்ற ஒரே சொல்லுக்குள் 30 கலோரியும் இருக்கிறது, 100 கலோரியும் இருக்கிறது. கோடையில் திண்டிவனம், மரக்காணம் பக்கமிருந்து லாரி லாரியாக வரும் தர்பூசணி 100 கிராமுக்கு 30, முலாம்பழம் 34, பப்பாளி 40ஐ ஒட்டி, ஆரஞ்சு 47, ஆப்பிள் 52, மாம்பழம் 60, கொய்யா 50 முதல் 68 வரை, திராட்சை 67, வாழையும் பலாவும் 90 முதல் 115க்குள், இரகத்தையும் பழுத்த பதத்தையும் பொறுத்து, சப்போட்டா 83 முதல் 98. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் பனையோலையில் வைத்துத் தரும் நுங்கும் குறைந்த பட்டியலில்தான் சேரும், மேலே சர்க்கரைப் பாகை ஊற்றாதவரை. உலர்ந்துவிட்டால் கதையே மாறுகிறது: பேரீச்சை 280, உலர் திராட்சை 300.

பண்ருட்டிப் பலாவை விரோதியாக்குகிறவர்களுக்கு ஒரு சொல். சுளை ஒன்று விதை நீக்கி 25 கிராம் இருந்தால் அதில் 25 கலோரிக்கு மேல் இல்லை. நான்கு சுளை ஒரு பெரிய வாழைப்பழத்துக்குச் சமம். ஆனால் பழத்தைப் பிளந்து நடுவில் வைத்துக் குடும்பமே சுற்றி உட்காரும்போது யாரும் நான்கோடு எழுந்திருப்பதில்லை. பன்னிரண்டு சுளை போனால் 300. அதே பண்ருட்டியின் முந்திரியில்தான் உண்மையான ஆபத்து: 100 கிராமுக்கு 550க்கு மேல், 30 கிராம் கொண்ட ஒரு கைப்பிடிக்கே 170. முந்திரி நல்ல உணவு, கொழுப்பும் பெரும்பகுதி நல்ல வகையைச் சேர்ந்தது. ஆனால் "நல்லது" என்பதும் "எண்ணாமல் தின்னலாம்" என்பதும் ஒன்றாகிவிடுகிற இடத்தில்தான் எடை ஏறுகிறது.

இப்போது அக்காவின் மகள் உண்மையிலேயே எடுத்து வைத்த தட்டைப் பார்க்கலாம். இரண்டு பெரிய வாழைப்பழம், ஒரு சப்போட்டா, ஒரு கொத்துத் திராட்சை, அரை ஆப்பிள். நிறுத்துக் கூட்டினால் 350ஐத் தாண்டுகிறது. அதே இடத்தில் 200 கிராம் பப்பாளியும் ஒரு கொய்யாவும் வைத்தால் 150. இரண்டுமே "பழம் மட்டும்" என்ற பெயரில்தான் போகின்றன. இரண்டிலும் பொதுவான குறை, புரதம் மூன்று நான்கு கிராமுக்கு மேல் தேறாது என்பது. பெரியவர்களுக்கு எடைக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் மாதக்கணக்கில் இரவுப் புரதத்தைக் கைவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். பத்தரை மணிக்குப் பசி எடுக்கும் என்பது அதைவிட உடனடிச் சங்கடம். அப்போது கைக்கு எட்டுவது மிக்சர் டப்பா. 40 கிராம் மிக்சர் 200 கலோரியைச் சாதாரணமாகத் தாண்டும்.

வயிறு நிறைவதை அளக்க முடியுமா என்றால், ஓரளவு முடியும். 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சுசானா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 240 கலோரி வருமாறு கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரப் பசியைக் குறித்து ஒரு பட்டியல் போட்டார்கள். வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்தால், எல்லாவற்றுக்கும் மேலே 323 எடுத்தது எது தெரியுமா? எடை குறைப்போர் முதலில் ஒதுக்கும் உருளைக்கிழங்கு, வேகவைத்தது. ஆரஞ்சு 202, ஆப்பிள் 197, திராட்சை 162, வாழைப்பழம் 118. கடைசி இடம் 47 எடுத்த க்ரோசானுக்கு. புதுச்சேரி பேக்கரிகளின் கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று அடுக்கியிருக்கும் அதே வெண்ணெய் ரொட்டி. கிழங்கு எடை போடும் என்ற நம்பிக்கை, நாம் அதை எப்போதும் எண்ணெயில் வறுத்தே பார்த்ததால் வந்தது. வேகவைத்த கிழங்கு 100 கிராமுக்கு 90ஐ எட்டினால் அதிகம். சிப்ஸாக மாறினால் 500க்கு மேல். (மரவள்ளிக்கு இந்தச் சலுகை இல்லை, வெறுமனே வேகவைத்தாலும் 150க்குக் குறையாது.)

ஆக, பழத்தைப் பற்றி என் முடிவு இது: இரவு உணவுக்குப் பதிலாக வேண்டாம், உணவுக்கு முன்னால் வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் பங்கேற்ற 2009ஆம் ஆண்டு ஆய்வில், மதிய உணவுக்கு முன் ஆப்பிளைத் துண்டுகளாகத் தின்றவர்கள், எதுவும் முன்னால் உண்ணாத நாளைவிட மொத்தத்தில் 15 விழுக்காடு குறைவாகச் சாப்பிட்டார்கள். அதே ஆப்பிளைச் சாறாகக் குடித்த நாளில் அந்தப் பலன் கிட்டவில்லை. மென்று தின்ன ஆகும் நேரமும் உள்ளே போகும் நாரும் செய்கிற வேலையை மிக்சி செய்துவிட்டால், வயிற்றுக்குச் செய்தி போய்ச் சேருவதில்லை.

அந்த இடத்திலேயே எதிர்வீட்டு அம்மாளின் சாற்றுக்கும் பாதி விடை கிடைத்துவிட்டது. வாழைத்தண்டை வட்ட வட்டமாக அரிந்து, ஒவ்வொரு வில்லையிலும் இழுபடும் நூலை ஆள்காட்டி விரலில் சுற்றி எடுத்து, கறுக்காமல் மோரில் போட்டு வைப்பதைச் சின்ன வயதில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் காயின் சிறப்பே நார்தான். சாறு பிழிகிறவர்கள் அந்த நாரை வடிகட்டிக் குப்பையில் போட்டுவிட்டுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். பொரியலாகவோ கூட்டாகவோ சாப்பிட்டால் எல்லாமே வயிற்றுக்கு வரும். உடலில் உள்ள நச்சை இந்தச் சாறுகள் கழுவி எடுக்கும் என்று நடைப்பயிற்சிக்காரர்களுக்கு விற்கிறவர் சொல்வார்; கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நம் உத்தரவுக்குக் காத்திராமல் நாள் முழுதும் செய்கின்றன. வெண்பூசணிச் சாற்றில் கெடுதல் பெரிதாக இல்லை, பயனும் தண்ணீரைத் தாண்டிப் பெரிதாக இல்லை.

சுரைக்காய்ச் சாறு மட்டும் தனிக் கவனம் வேண்டுவது. சுரை, வெள்ளரி, பீர்க்கு, புடல் குடும்பத்தில் குக்கர்பிடசின் என்ற கசப்புப் பொருள் சில காய்களில் மிகுந்துவிடும். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இரத்த வாந்தி எடுத்தவர்களும் உயிரிழந்தவர்களும் இந்தியாவில் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வல்லுநர் குழு அமைத்து ஆராய்ந்து, கசக்கும் சாற்றை ஒரு வாய்கூடக் குடிக்காமல் கொட்டிவிட வேண்டும், வேறு சாறோடு கலந்து கசப்பை மறைக்கவும் கூடாது என்று அறிவுறுத்தியது. நம் பாட்டிமார் வெள்ளரிக்காயின் காம்புப் பக்கத்தை வெட்டி, வெட்டிய துண்டாலேயே தேய்த்து நுரை எடுத்துவிட்டு ஒரு சில்லைக் கடித்துப் பார்ப்பார்கள். தேய்ப்பதால் கசப்பு முற்றும் இறங்கிவிடாது. கடித்துப் பார்ப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. இஞ்சி, எலுமிச்சை, புதினா எல்லாம் சேர்த்து அடித்த பச்சைச் சாற்றில் அந்தச் சோதனைக்கே இடமில்லை என்பதால், இந்தத் தேர்வை நான் எவருக்கும் சொல்ல மாட்டேன்.

ஏழு நாள் திட்டத்தைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு, நானே ஒரு முறை மாட்டிக்கொண்டவன். ஜி.எம். டயட் என்று அழைக்கப்படும் இதில் முதல் நாள் பழம் மட்டும், இரண்டாம் நாள் காய் மட்டும், நான்காம் நாள் வாழைப்பழமும் பாலும் என்று போகும்; அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஊழியர்களுக்காக வகுத்தது என்ற கதையும் கூடவே வரும். அந்த நிறுவனம் இதை வகுத்ததற்கு ஆதாரம் கிடைத்ததில்லை. எனக்கு ஏழு நாளில் இரண்டரை கிலோ குறைந்தது. பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அடுத்த பத்து நாளில் அத்தனையும் திரும்பிவிட்டது. காரணம் எளிது. கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு ஏறக்குறைய அரை கிலோ இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் ஒட்டியிருக்கிறது. அரிசியையும் பருப்பையும் திடீரென்று நிறுத்தியதும் அந்த இருப்பு செலவாகி, ஒட்டிய நீர் வெளியேறி, தராசு முள் இறங்குகிறது. நான்காம் நாள் ஆறாவது வாழைப்பழத்தை உரித்தபோது வந்த குமட்டல் மட்டும் இன்னும் நினைவிருக்கிறது.

மிஞ்சியிருப்பது யாரும் யோசனையாகச் சொல்லாத ஒன்று: இதே இரவு உணவில் சோற்றைப் பாதியாக்கி, காயை மூன்று மடங்காக்குவது. இதற்கு நம் நாட்டுக்காய்களைப் போல வசதியானவை வேறில்லை. புடலை, பீர்க்கு, சுரை, வெண்பூசணி, முள்ளங்கி, வெள்ளரி, தக்காளி எல்லாமே 100 கிராமுக்கு 20 கலோரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருப்பவை. கத்தரி, கோஸ், காலிஃப்ளவர், கீரை வகைகள் பெரும்பாலும் 25ஐ ஒட்டி, வெண்டை 33, காரட்டும் பீட்ரூட்டும் 40ஐச் சற்றுத் தாண்டும், முருங்கைக்கீரை அதையும் தாண்டும், ஆனால் யாரும் அவற்றால் பருத்ததில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் சுற்றி விற்கும் ஜுக்கினியின் 17 கலோரிக்கும் உழவர் சந்தைப் பீர்க்கங்காய்க்கும் எடைக் கணக்கில் வேறுபாடே இல்லை. கிவிப் பழத்தில் 100 கிராமுக்கு 90 மில்லிகிராம் அளவில் வைட்டமின் சி என்றால் கொய்யாவில் 200க்கு மேல். அவகாடோவை எடை குறைக்கும் பழம் என்று நம்பித் தினமும் ஒன்று தின்கிறவர்கள், அது 100 கிராமுக்கு 160 என்பதைத் தெரிந்துகொண்டு தின்றால் சரி.

காயின் எண்ணிலேயே நின்றுவிடுவதுதான் இந்த வழியில் நடக்கும் தவறு. எண்ணெய்ப் பாட்டிலைத் தாளிப்பதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்து இரண்டு சமையலை ஒப்பிட்டேன். முதலாவது எண்ணெய்க் கத்தரிக்காய்: 250 கிராம் கத்தரிக்காயில் 60 கலோரி, அது குடித்த நல்லெண்ணெய் 56 கிராம், அதாவது 500 கலோரி. கத்தரிக்காய் பஞ்சுபோல எண்ணெயை இழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், கிராமில் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. இரண்டாவது புடலங்காய்க் கூட்டு: காய் 250 கிராமுக்கு 45, பாசிப்பருப்பு 30 கிராமுக்கு 100, தேங்காய்த் துருவல் 20 கிராமுக்கு 70, தாளிக்க இரண்டு தேக்கரண்டி எண்ணெய்க்கு 80; எல்லாம் சேர்ந்து 300க்குச் சற்றுக் குறைவு. இருவர் பங்கிட்டால் ஆளுக்கு 150, அதில் நாலைந்து கிராம் புரதமும் உண்டு.

அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்த தட்டு இப்படி அமைந்தது: முதலில் ஒரு கொய்யா அல்லது ஒரு கீற்றுப் பப்பாளி, பிறகு ஒரு குழிக்கரண்டி சோறு, 195, கூட்டு, 150, கீரை மசியல் 100 கிராம், எண்ணெயோடு 60, ஒரு தம்ளர் நீர்மோர், 35. அப்பளம் இல்லை. கூட்டிப் பார்த்தால் 440, பழத்தோடு 500. பழைய தட்டைவிட 120 முதல் 200 வரை குறைவு. ஆனால் தட்டில் ஏறும் மொத்த எடை, மோரையும் பழத்தையும் சேர்த்து, பழைய 450 கிராமிலிருந்து 700க்கு மேல் போய்விட்டது. குறைவாகச் சாப்பிடுகிறோம் என்ற ஏக்கத்துக்கே இடமில்லாத ஒரே தேர்வு இது. முட்டையோ சுண்டலோ இரண்டு மத்தி மீனோ குழம்பில் சேர்ந்தால் புரதக் குறையும் தீரும். கடலூர்த் துறைமுகத்தை அருகில் வைத்துக்கொண்டு புரத மாவு டப்பா வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை. தட்டில் பாதி காயும் பழமும் என்பதையே 2024இல் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் சொல்கிறது. நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம். 1918இல் நம் குன்னூரில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய நிறுவனம் அது.

சில்லறை நம்பிக்கைகளை இங்கேயே தீர்த்துவிடலாம். வெள்ளரிக்காயைச் செரிக்க ஆகும் சக்தி அதில் உள்ள சக்தியைவிட அதிகம் என்பது பொய். உண்ட உணவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் செரிமானத்துக்குச் செலவாகிறது. அன்னாசியும் பப்பாளியும் கொழுப்பைக் கரைக்கும் என்பதும் அப்படியே. அவற்றின் நொதிகள் புரதத்தைச் சிதைப்பவை, அதுவும் வாய்க்குள்ளும் வயிற்றுக்குள்ளும் மட்டும், இடுப்புச் சதைவரை அவை பயணப்படுவதில்லை. வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறும் தேனும் குடித்தால் மெலியலாம் என்பவர், ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரிக்கு மேல் இருப்பதை மறக்கிறார். நெல்லிக்குப்பம் கரும்பைச் சுற்றி வாழும் நமக்கு வெல்லத்தின் மேல் ஒரு பற்று இருப்பது இயல்பு, ஆனால் வெல்லத்தின் 383க்கும் சர்க்கரையின் 390 சொச்சத்துக்கும் நடுவே ஒளிந்துகொள்ள இடமில்லை.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழி மட்டும் பாதி தப்பிக்கிறது. எள்ளில் பாதி எண்ணெய் என்பதால் 100 கிராமுக்கு 560க்கு மேல் வருகிறது. இளைத்தவனுக்கு அது பொருந்தும். கொள்ளு 320 முதல் 330, புரதம் 22 கிராம், நார் மிகுதி, பசியைத் தாங்கும். ஆனால் கொள்ளுக்குக் கொழுப்பை உருக்கும் தனிச் சக்தி கிடையாது, துவரையும் பாசிப்பயறும் ஏறத்தாழ அதே கணக்குதான். சோற்றைக் குறைக்காமல் மேலே கொள்ளு ரசம் ஊற்றிச் சாப்பிடுகிறவர் மெலியப் போவதில்லை.

புதுச்சேரிக் குடும்பம் ஒன்றின் எடையைப் பற்றி எழுதிவிட்டுச் சாராயத்தைத் தொடாமல் விட்டால் அது நேர்மையாகாது. இது அக்காவுக்கு அன்று, மாமாவுக்கு. ஆல்கஹால் கிராமுக்கு 7 கலோரி, கொழுப்பின் 9க்கு அடுத்த இடம். 650 மில்லி சாதாரண பீர் ஒரு பாட்டில் 280 சொச்சம், 60 மில்லி விஸ்கி 140. தொட்டுக்கொள்ளும் வறுத்த கடலை தனிக் கணக்கு. மாலையில் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் நடந்தால் அவர் செலவழிப்பது 200, 250; திரும்பும் வழியில் இரண்டு பஜ்ஜி, பாலும் சர்க்கரையும் தூக்கலாக ஒரு காபி என்றால் அன்றைய நடைக்கு எடை குறைந்த பலன் இல்லை, இதயத்துக்கான பலன் மட்டும் மிஞ்சும்.

எல்லோருக்கும் இந்தத் தட்டு பொருந்தாது. சர்க்கரைக்கு இன்சுலினோ, இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தும் சில வகை மாத்திரையோ எடுப்பவர் சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் நள்ளிரவில் சர்க்கரை இறங்கி மயங்கலாம்; மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கீரை, வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றில் உள்ள பொட்டாசியம் ஆகாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் ஒரு வாரம் கீரையைக் குவித்து மறு வாரம் நிறுத்துவது கூடாது. அளவு சீராக இருக்க வேண்டும்.

எவ்வளவு நாளில் குறையும் என்று அக்கா கேட்டார். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி. நாளுக்கு 200 குறைத்தால் மாதத்துக்கு 6,000. காகிதத்தில் முக்கால் கிலோ. நடைமுறையில் உடல் எடை குறையக் குறையச் செலவையும் சுருக்கிக்கொள்வதால் அதுவும் மெல்லத் தேயும். 68 கிலோவில் ஐந்து விழுக்காடு, அதாவது மூன்றரை கிலோ குறைந்தாலே இரத்தச் சர்க்கரையிலும் அழுத்தத்திலும் முன்னேற்றம் தெரியும் என்பதால், இலக்கை அங்கே வைத்து, அதற்கு ஆறு மாதம் என்று குறித்துக் கொடுத்தேன். "ஏழு நாள் எங்கே, ஆறு மாசம் எங்கே!" என்று சிரித்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரோடு பெரிய மார்க்கெட்டுக்குள் போயிருந்தேன். காய்க்கார அம்மாள் பாம்புபோல நீண்ட புடலங்காய் இரண்டை எடுத்து நீட்டி, "பிஞ்சும்மா, விதையே இல்ல, அப்படியே அரியலாம்" என்றார். அக்கா நகத்தால் மெல்லக் கீறிப் பார்த்து இரண்டையும் பையில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் ஒரு கட்டு முளைக்கீரை, அரைக் கிலோ கொய்யா. கடைசியில், மகள் பார்க்காத நேரம் பார்த்து, அப்பளக் கட்டு ஒன்றும் வாங்கினார். நான் எதுவும் சொல்லவில்லை. "சுட்டுத்தான்டா சாப்பிடப் போறேன், பொரிக்க மாட்டேன்" என்று அவராகவே சொன்னார்.